இடது பக்கத்து ஸ்டீரிங்

இன்று மதியம் பக்கத்து ஃபிளாட்டின் மருமகள் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நகங்களில் பூசியிருந்த சாயத்தைப் பஞ்சால் அழித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்ததும் அந்த வாடை குப்பென்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பார்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். எனக்குத் தலை சுற்றுகிறதோ என்று அந்தப் பெண் பதறி எழுந்தாள். இல்லையம்மா, பழைய சிநேகிதி ஒருத்தியின் ஞாபகம் வந்தது என்றேன். நகச்சாயத்துக்கும் சிநேகிதிக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க ஒரு மணி நேரம் ஆகும். அவளோ ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ போன பிறகு உன்னிடம் பேசுவது ஒருவிதத்தில் எனக்குச் சுலபமாகிவிட்டது. முன்பெல்லாம் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருக்கிறாயா?

நீ உன் ஆயுளில் நகத்துக்குச் சாயம் பூசியவள் இல்லை. ஆனால் அந்த வருஷம் மாட்டுங்கா மார்க்கெட்டில் சாயம் அழிக்கும் அந்தத் திரவத்தைப் பாட்டில் பாட்டிலாக வாங்கினவள் நீதான். கடைக்காரன் நம் இருவரையும் ஏற இறங்கப் பார்ப்பான். நம் இருவர் கையிலும் நகங்கள் மொட்டையாக இருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது அது. மாட்டுங்காவில் ஒரே கட்டடத்தில் நீ மூன்றாவது மாடி, நான் முதல் மாடி. கோட்டைப் பகுதியில் இருந்த ஓர் எஞ்சினியரிங் கம்பெனியில் நீ டிரேசர். பெரியவர்கள் பென்சிலில் போட்ட படங்களின் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் நகலெடுப்பது உன் வேலை. அதே கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் சேர்ந்து ரயில் ஏறுவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். அப்படித் திரும்பும்போதுதான் ஒரு நாள், உன் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று, கறிகாய் வாங்கப் போகிறேன் என்பது போலச் சொன்னாய். அவர் தாராவிக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அண்ணன் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிப்பது ஒரு ரயில் பாதைதான். உன் அப்பாவுக்கு அது பெரிய கடலாக இருந்தது.

அவர் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். ஆடியில் ஆரம்பித்தது. ஒரே கூடத்தில் நீ எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று உன் அம்மாவிடம் சொல்வார். அம்மா இல்லாத நேரத்தில் நான் அகப்பட்டால் என் மூலமாகச் சேதி வரும். இரண்டு பேரும் இல்லாத ஒரு நாள், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, பால் பொங்குகிறது என்று அறிவித்தாராம். நீ அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாய். ரயில் தாதர் தாண்டும்போது பார்த்தால் அழுதுகொண்டிருந்தாய்.

"கல்யாணத்துக்கு அவர் வர வேண்டாம்டீ. நான் ஆத்தை விட்டுப் போறத்துக்குள்ள என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினாப் போறும்."

ஐப்பசியில் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் என்று ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் அந்த ஒரு வார்த்தை கிடைக்க வேண்டும். உன் அம்மா அழுது பார்த்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் வந்து பேசிப் பார்த்தார்கள். மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்த என் அத்திம்பேர் அந்தச் சமயத்தில்தான் ஊர் வந்தார். தன் பிள்ளைக்கென்று இங்கிலாந்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் கார் வாங்கி வந்திருந்தார். அதாவது கார் இல்லை, காரின் துண்டுகள். நாமே ஒட்டி ஒட்டிச் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. கப்பலில் அதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. பெட்டி எங்கள் அலமாரி மேல் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய், பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தாய், உட்கார்ந்துவிட்டாய். நான்கு பேர் உட்காரும் பழைய காலத்து உல்லாசக் கார் அது. முட்டை முட்டையாக இரண்டு விளக்கு, பெரிய மட்கார்டு.

"இது அப்பாவோட வண்டிடீ" என்றாய்.

உன் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் கதை முழுவதும் சொன்னாய். யுத்தத்துக்கு முன்னால், அவர் ஒரு மோட்டார் கராஜில் இளம் மெக்கானிக்காக இருந்தபோது, பஞ்சு வியாபாரி ஒரு பார்சிக்காரர் இதே மாதிரி உல்லாசக் காரைக் கொண்டுவந்து, இதைப் பந்தயக் காராக மாற்று என்று அவரிடம் விட்டாராம். உன் அப்பா மட்கார்டைக் கழற்றினார், பின் சீட்டை அறுத்தெறிந்தார், பின்பக்கத்தைத் தகட்டால் படகின் மூக்கு மாதிரிக் கூராக்கினார். பந்தயத்தில் பார்சிக்காரர் ஓட்ட, பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்து போனதும் அவர்தான். ஜெயித்தார்களா என்று கேட்டேன். அதைப் பற்றி அப்பா சொன்னதே இல்லை, வண்டியைப் பற்றித்தான் சொல்வார் என்றாய். யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது, வண்டி கை மாறியது, கடைசியில் குர்லாவில் பழைய இரும்பாகப் போயிற்று. உன் வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபோட்டோ, அதுவும் டிரங்குப் பெட்டிக்குள். வெற்று மார்பும் பூணூலுமாக, பானெட்டில் கை வைத்துக்கொண்டு உன் அப்பா நிற்பார். என்ன வயிறு அப்போது, ஒட்டிக் கிடக்கும்.

அந்த ஃபோட்டோவைப் பார்த்து இந்தப் பொம்மைக் காரை அந்தப் பந்தயக் காராக மாற்றுவது என்று முடிவு செய்தாய். அப்பா பெரிய வண்டிக்கு என்னவெல்லாம் செய்தாரோ அதையெல்லாம் நீ இந்தச் சாண் நீள வண்டிக்குச் செய்தாய். எங்கள் வீட்டு பால்கனிதான் பட்டறை. உன் வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவி, காபி குடித்து, பிளேடை எடுத்தால் என் அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரை நிமிர மாட்டாய். என் அம்மா இதைப் பார்த்து, கல்யாணம் நிச்சயமான பெண்கள் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பார்கள், இது என்ன கூத்து என்று முணுமுணுப்பாள்.

பின் சீட்டை நீ அறுத்தபோது எனக்கு மனசே இல்லை. நல்ல சாமானைப் பாழாக்குகிறோமே என்று இருந்தது. பெட்டியோடு வந்த பசை வழியிலேயே காய்ந்து போயிருந்ததால், பாகங்களைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் குச்சிகளைப் பொடித்து, நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் ஊறவைத்துக் கூழாக்கினாய். அதுதான் பசை. அதிலேயே முகத்துக்குப் போடும் பவுடரைக் குழைத்தால் பூசி இழைக்க மாவு. உடைந்த பென்சில் டப்பாவின் பலகையைச் செதுக்கி வால் செய்து, மேலே அந்த மாவைப் பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கன்னம் மாதிரி வழுவழுப்பாக்கினாய். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் பித்தளைக் குழாயை மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்தாய். அது புகைக்குழாய். அதை வண்டியின் வலது பக்கத்தில் நீளமாக ஒட்டினாய். பெட்டியில் வந்தபடி ஸ்டீரிங் வலது பக்கம் இருந்தது. நீ அதைப் பெயர்த்து, டேஷ்போர்டையே அறுத்துத் திருப்பி, இடது பக்கம் வைத்தாய். அதற்கே பல சாயங்காலங்கள் போயின.

எதற்கு இந்தப் பாடு, இருந்த இடத்திலேயே இருக்கட்டுமே என்று கேட்டேன்.

"ஃபோட்டோல அப்படி இருக்கு" என்றாய், நிமிராமலே.

ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஸ்டீரிங் இடது பக்கம், குழாய் வலது பக்கம், வாலில் வெள்ளையாக எட்டு. சீமை வண்டிகளில் என்னென்னவோ உண்டு என்று விட்டுவிட்டேன்.

பானெட்டைக் கட்டும் தோல் வார்தான் பாக்கி. நிஜ வண்டியில் இரண்டு விரல் அகலம் என்றால் இதில் நூல் அகலம்தான் வரும். உன்னவரிடம் சொன்னாய். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் வெளியே அவரோடு நான் முதல்முதலாக நேரில் பேசியது அதற்காகத்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சின் மேல் வார்கள் இருந்தன.

"அண்ணன் சீவித் தாரேன்னுதான் சொன்னாக. வேண்டாம்னுட்டேன், நானே இருந்து சீவினேன். நாலஞ்சு அறுந்து போச்சு. இது தேறும்னு நினைக்கேன், பாருங்க" என்றார் என்னிடம். உன்னைப் பார்த்துச் சொல்ல வெட்கம். டிராஃப்டிங் மேஜையில் ஒன்றாக உட்காருகிறவர்களுக்கு ஸ்டேஷன் வாசலில் என்ன வெட்கமோ!

கரும்பச்சை எனாமல் அடித்து, படம் போடும் பேனாவால் எட்டு எழுதி முடித்தபோது நவராத்திரி வந்துவிட்டது. சரஸ்வதி பூஜையன்று காலையில் அதைத் துணியால் மூடிக்கொண்டு இரண்டு மாடி ஏறினோம். உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். படத்துக்கு முன்னால் ஒரு பக்கம் புத்தகங்கள், பேனாக்கள், உன் ஆபீஸ் ஸ்கேல்கள். மறு பக்கம் உன் அப்பாவின் ஸ்பானர்கள், ரிட்டயர் ஆன பிறகும் வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். உன் அம்மா காரைப் பார்த்துவிட்டுக் கையில் வாங்கி, வாகனம்தானே என்று ஸ்பானர்களுக்கு நடுவில் வைத்து, நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டாள்.

உன் அப்பா குளித்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். பார்த்தார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அர்ச்சனையை ஆரம்பித்தார். நாமத்துக்கு ஒரு பூவாகப் போட்டுக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். சொன்ன நாமத்தையே திரும்பவும் சொன்னார். பூ சரஸ்வதி மேல் விழாமல் ஸ்பானர் மேல் விழுந்தது. ஒருவழியாகக் கற்பூரம் காட்டி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, நேராக உன் பக்கம் திரும்பினார்.

"ஸ்டீரிங்கை எதுக்குடீ இடது பக்கம் வெச்சிருக்கே?"

உன் அம்மாவின் கையில் பிரசாதக் கிண்ணம் அப்படியே நின்றது.

"ஃபோட்டோல அப்படித்தானேப்பா இருக்கு" என்றாய். உன் குரல் எப்படி நடுங்காமல் இருந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

"அது ஸ்டுடியோக்காரன் நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சது. கண்ணாடில பார்க்கறாப்ல எல்லாம் மாறிடுத்து. எட்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் எட்டு, அதனால தெரியலை." இடது கையை உன் மூக்குக்கு நேரே நீட்டினார். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு பழைய சூட்டுத் தழும்பு. "அவர் வலது பக்கம் ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்காருவேன். பைப் எந்தப் பக்கம் ஓடித்துன்னு இதைக் கேளு."

சொல்லிக்கொண்டே வண்டியை எடுக்கக் குனிந்தார். உன் அம்மா தடுத்துவிட்டாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது, நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கறாராகச் சொன்னாள். அவருக்கும் தெரியாத சாஸ்திரமா? கையை இழுத்துக்கொண்டார்.

அந்த மத்தியானத்தை நான் மறக்கவே மாட்டேன். மனுஷருக்கு இருப்பு கொள்ளவில்லை. கண்ணெதிரே தப்பாக நிற்கிறது வண்டி, தொட முடியவில்லை. ஸ்பானர், பிளேடு, உப்புத்தாள் எல்லாம் பூஜையில். பென்சிலும் பேனாவும்கூடப் பூஜையில், ஒரு படம் போட்டுக் காட்டக்கூட வழியில்லை. வாயால்தான் சொல்லியாக வேண்டும். சொன்னார். வடையும் பாயசமும் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தவர் விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்கவில்லை. எந்த வளைவில் வண்டி ஒரு பக்கமாகத் தூக்கும், வால் தகட்டை வளைக்க எத்தனை மரச்சுத்தி உடைந்தது, மணலில் சக்கரம் புதைந்தபோது பார்சிக்காரர் எந்தெந்த பாஷையில் வைதார், எல்லாம். நீ விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாய். ஆடியிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு அவிழ்ந்து வந்தது. கல்யாணப் பேச்சு வரவே இல்லை. உனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. உன் மூஞ்சியைப் பார்த்துப் பேசினார்.

விஜயதசமியன்று புனர்பூஜை முடிந்ததும் வண்டியை எடுத்து, அப்பாவும் பெண்ணுமாகப் பிரித்தீர்கள். பெட்டியில் வந்தபடி ஸ்டீரிங் சரியாகத்தான் இருந்ததென்று தெரிந்ததும், "இருந்ததைக் கெடுக்கறதுக்கு ஒரு டிரேசர் உத்தியோகம் வேறயா?" என்று கேட்டார். குழாயைப் பக்கம் மாற்றினார். கடைசியில் வார்களைக் கழற்றி உள்ளங்கையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் சீவியது என்று கேட்டார்.

நீ பெயரைச் சொன்னாய். அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னதில்லை.

அவர் வார்களை மறுபடி பார்த்தார். கட்டைவிரலால் ஒன்றை நீவினார்.

"ஒரே சீரா சீவியிருக்கான்" என்றார். பிறகு காபி கேட்டார்.

நடந்ததைக் கூட்டியும் சொல்லக் கூடாது. உன் கல்யாணத்துக்கு அவர் உள்ளே வரவில்லை. அந்த வருத்தம் உனக்குத் தீர்ந்ததோ என்னவோ, எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அன்று காலையில், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று உன்னிடமே கேட்டார். பழைய முதலாளியிடம் ஒரு காரை இரவல் வாங்கி, எண்ணெயும் டயரும் பார்த்துத் துடைத்துக் கொண்டுவந்து, தானே ஓட்டி நம்மை ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இறக்கினார். சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன். வெளியே வந்தபோது அதே இடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். உங்கள் இருவரையும் தாராவி முனைவரை கொண்டுவிட்டார். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. உன்னவர் இறங்கிக் கதவைச் சாத்தப் போனபோது மட்டும், "மெள்ளச் சாத்துங்கோ, இரவல் வண்டி" என்றார். மாமனார் மாப்பிள்ளைக்குச் சொன்ன முதல் வார்த்தை. நீங்கள் செம்பூருக்குக் குடிபோன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார் என்பது பின்கதை.

அவர் காலமான பிறகு, உன் அம்மா டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது நான் கூட இருந்தேன். அந்த ஃபோட்டோ வந்தது. இவ்வளவு நல்ல படத்தை ஏன் சட்டம் போட்டு மாட்டவே இல்லை என்று கேட்டேன். உன் அம்மா விரலால் காட்டினாள்.

"பூணூல் வலது தோள்ல கிடக்கு பாரு. திவசத்துக்கு உக்காந்தாப்ல. அதை எப்படி சுவத்துல மாட்டறது? அவ குழந்தையிலேயே கேட்டிருக்காளே, ஏம்மா அப்பாக்குப் பூணூல் மாறியிருக்குன்னு. படமே திரும்பியிருக்குடீன்னு அப்பவே சொல்லியாச்சு."

நான் படத்தை வைத்துக்கொண்டு நின்றேன். படம் திரும்பியது என்று உனக்குக் குழந்தையிலேயே தெரியும். அந்தத் தழும்பைத் தொட்டுத் தொட்டு வளர்ந்தவள் நீ. தினமும் ஆபீசில் தாளைப் புரட்டினால் இடம் வலமாவதைப் பார்க்கிறவள். நான்தான் மரமண்டை. அன்றைக்கே பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். தெரிந்தேதான் தப்பாகச் செய்தாயா என்று கேட்டேன். முதலில் சிரித்தாய். அப்புறம் கீரையைக் கீழே வைத்தாய்.

"சரியாப் பண்ணியிருந்தா, நன்னாயிருக்குன்னு மனசுக்குள்ள சொல்லிண்டு எழுந்து போயிருப்பார்டீ."

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நீ சொன்ன எத்தனையோ மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை. இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாகத்தான் இருப்பேன், புனாவில் இருக்கும் என் பெண்ணோடு போய் இருக்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் அவள் கோபித்துக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே பேசுவதில்லை. ஃபோன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, நன்றாக இருக்கிறாள் என்பார். எனக்கும் வீம்பு. நல்ல வார்த்தை, கெஞ்சல், பெரியவர்கள் தூது என்று எல்லாம் ஆயிற்று.

போன வாரம் அவள் பிறந்தநாள். நானே ஃபோன் செய்தேன், அதிசயமாக அவளே எடுத்தாள். ஹலோ சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். கோவிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன் என்றேன். அதற்கும் பதில் இல்லை. பூரட்டாதி நட்சத்திரம், மீன ராசி என்று சொல்லி நன்றாகச் செய்தார் குருக்கள் என்றேன்.



"அம்மா, நான் உத்திரட்டாதி" என்றாள்.

அப்படியா, எனக்கு மறந்தே போய்விட்டதே என்றேன். பெற்ற பெண்ணின் நட்சத்திரம்கூட மறந்துபோகிறவள் எப்படித் தனியாக இருப்பாய், காஸை அணைக்கிறாயா, மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறாயா என்று பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் வைதாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.